மவுத் ஆர்கனில் கன்ட்ரி ப்ளூஸ்: புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்கால வேளையில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பது என் வழக்கம். தொடங்கி இரண்டரை வருடம் ஆகிறது. இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள், புதுச்சேரியில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், அக்கா பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்குக் கைவந்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

கன்ட்ரி ப்ளூஸ் என்றால் என்ன? தொப்பி போட்டுக்கொண்டு பாடுவார்களே, அந்த கன்ட்ரி மியூசிக்கா?

இல்லை. இங்கே கன்ட்ரி என்றால் கிராமம். அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தியும் புகையிலையும் விளைந்த நிலங்களில் வேலை செய்த கறுப்பின மக்களின் பாட்டு இது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அவர்களில் பலர் நிலக்காரரிடம் வாரத்துக்குப் பயிர் வைத்தார்கள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போகும், மீதியில் கடைக்கடன் போகும், கையில் ஒன்றும் நிற்காது. வாரம், குத்தகை என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒருவர் கிட்டாரோடு பாடுவார். சில சமயம் பக்கத்தில் ஒருவர் மவுத் ஆர்கன் வாசிப்பார். டிரம்ஸ் கிடையாது, மைக் கிடையாது. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இந்தப் பாடகர்களைத் தேடிப் பதிவு செய்தன. அதனால்தான் இன்று நாம் கேட்க முடிகிறது. பிறகு லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோ போன்ற நகரங்களுக்குப் போனார்கள். அங்கே கிட்டாருக்கு மின்சாரம் வந்தது, மவுத் ஆர்கன் மைக்குக்குள் போனது. லிட்டில் வால்டர் அந்த வழியில் பெரிய மேதை. அவரை மதிக்கிறேன். ஆனால் என் மனம் நிற்பது அதற்கு முந்தைய, திண்ணையில் உட்கார்ந்து வாசித்த சத்தத்தில்.

பாட்டுகளின் பொருளும் நம் ஊருக்குத் தூரமில்லை. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்து ஊர் ஊராக அழித்தது. சார்லி பேட்டன் என்பவர் அந்த வெள்ளத்தைப் பற்றி 1929இல் இரண்டு பாகமாக ஒரு பாட்டுப் பதிவு செய்தார். ஒவ்வொரு ஊர்ப் பெயராகச் சொல்லி, அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர் என்று பாடிக்கொண்டே போவார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய மறுநாள், பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து கிடந்த பலா, முந்திரி மரங்களைப் பார்த்தவன் நான். அன்று நாங்களும் அப்படித்தான் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பேட்டனின் குரலை முதல் தடவை கேட்டபோது வார்த்தை பாதிதான் புரிந்தது. விஷயம் முழுக்கப் புரிந்தது.

உங்களுக்கு இது எப்படிப் பிடித்தது?

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. மீட்டர் கேஜ் காலத்து வண்டிச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தோம். மவுத் ஆர்கன் வாங்கிய புதிதில் சினிமாப் பாட்டுகளைத் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரயில் சத்தம் இதில் வருமா என்று தேடினேன். டிஃபோர்ட் பெய்லி என்பவர் 1927இல் பதிவு செய்த ஒரு வாசிப்பு கிடைத்தது. வண்டி கிளம்புகிறது, வேகமெடுக்கிறது, தூரத்தில் கூவுகிறது, எல்லாம் ஒரே மனிதர், ஒரே வாய். அன்று இரவு அதையே எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

வீட்டில் அப்பா வைத்திருந்த பழைய மவுத் ஆர்கன் இருக்கிறது. அது போதுமா?

முதலில் அதன் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். துளைகள் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் இருந்தால் அது டிரெமலோ வகை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். ஒரே சுரத்துக்கு இரண்டு ரீடுகள் (அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய உலோகத் தகடுகள்), ஒன்றுக்கொன்று மயிரிழை சுருதி மாறி இருக்கும். அதனால்தான் அந்த நடுங்கும் இனிமை வருகிறது. மெலடி வாசிக்க நல்ல கருவி. ப்ளூஸுக்கு உதவாது.

ப்ளூஸுக்கு வேண்டியது டயட்டானிக், அதாவது ஒரே வரிசையில் பத்துத் துளை உள்ளது. ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு சுரம், ஆக இருபது ரீடு. ஒரே துளைக்குள் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் சேர்ந்து இருப்பதால்தான் சுரத்தை வளைக்க, அதாவது வாயாலேயே சுருதியை இறக்க முடிகிறது. டிரெமலோவில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை என்பதால் அந்த வளைவு வராது. பக்கத்தில் பித்தான் வைத்த குரோமட்டிக் என்று இன்னொன்று உண்டு. அதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஆறு மாதம் வீணாக்கினேன். நான் வாங்கிய கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். வளைவு வரவில்லை என்று என் நுரையீரலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கருவியை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் மூச்சுப் பழகலாம், தெரிந்த பாட்டு வாசிக்கலாம். ப்ளூஸுக்கு மட்டும் வேறு வாங்குங்கள்.

எந்த கீ வாங்குவது? எவ்வளவு ஆகும்?

கீ என்றால் கருவியின் ஆதார சுருதி. வாங்க வேண்டியது சி கீ. பாடம் சொல்லித் தருகிற பெரும்பாலோர் அதில்தான் சொல்லித் தருகிறார்கள். மிக மலிவானதில் ரீடு இடுக்கில் காற்று கசியும், கற்றுக்கொள்கிறவரின் உற்சாகம் அதிலேயே போய்விடும். சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடிந்தால் ஹோனர், சுசுகி, ஈஸ்ட்டாப் என்று நம்பகமான பெயர்கள் இருக்கின்றன. ஹோனர் கம்பெனி 1857இல் ஜெர்மனியின் டிராசிங்கன் ஊரில் தொடங்கியது. அவர்களின் மரைன் பேண்ட் 1896இலிருந்து வருகிறது. பழைய ப்ளூஸ்காரர்களின் கையில் இருந்தது பெரும்பாலும் அதுதான். உள்ளே மரக்கட்டை வைத்தது. நம் கடலோரத்துக்கு பிளாஸ்டிக் கட்டை வைத்ததையே சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

ஒரு துளையில் ஊதினால் பக்கத்துத் துளையும் சேர்ந்து கத்துகிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். உதட்டை விசில் அடிக்கக் குவிப்பதுபோல் குவியுங்கள், ஆனால் கருவியை நுனியில் வைக்காமல் உதட்டின் ஈரப்பகுதி வரை உள்ளே தள்ளுங்கள். தோளும் தாடையும் தளர்ந்திருக்கட்டும். 4ஆம் துளையிலிருந்து தொடங்குவது சுலபம். நாக்கால் பக்கத்துத் துளைகளை அடைத்துக்கொண்டு வாசிக்கும் முறையும் உண்டு. பழையவர்கள் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். இரண்டையும் பிறகு கற்கலாம். ஒன்று வரட்டும் முதலில்.

சி கீ கருவியை வைத்துக்கொண்டு ஜி கீயில் வாசி என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்தக் கருவியை ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டுப்புறப் பாட்டுக்காகச் செய்தார்கள். ஊதும் பக்கம் முழுக்க அதே மூன்று சுரங்கள்தான்: ச, க, ப, மறுபடி ச. அந்தப் பக்கத்தை நம்பி வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். சந்தோஷமான, நேரான சத்தம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த கறுப்பினக் கலைஞர்கள் அதைக் கையில் எடுத்து, செய்தவர்கள் நினைக்காத ஒன்றைக் கண்டார்கள். இழுக்கும் பக்கத்தை வீடாக்கிக்கொண்டார்கள். 2ஆம் துளையை இழுத்தால் வரும் ஜி சுரத்தை ஆதார ஷட்ஜமாக வைத்தார்கள். இதைத்தான் கிராஸ் ஹார்ப், இரண்டாம் பொசிஷன் என்கிறார்கள்.

நம் சுரத்தில் எழுதினால் இப்படி: 2 இழுப்பு ச. 3 இழுப்பு அந்தர காந்தாரம். 4 ஊதல் சுத்த மத்திமம். 4 இழுப்பு ப. 5 ஊதல் சதுஸ்ருதி தைவதம். 5 இழுப்பு கைசிகி நிஷாதம். 6 ஊதல் மேல் ச. ரிஷபம் மட்டும் நேராகக் கிடைக்காது, 3 இழுப்பை ஆழமாக வளைத்துத்தான் எடுக்க வேண்டும். மொத்தத்தில் ஹரிகாம்போஜியின் சுரங்கள். ராகம் என்று சொல்லவில்லை, சுரங்களைச் சொல்கிறேன். சங்கராபரணத்துக்கான கருவிக்குள் ஹரிகாம்போஜி ஒளிந்திருந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்தவர்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவர்கள் இல்லை.

இழுப்பில் வாசிப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. ஊதும்போது சத்தம் நம்மைவிட்டு வெளியே போகிறது. இழுக்கும்போது உள்ளே வருகிறது, நெஞ்சில் அதிர்கிறது. விசும்பும்போது நாம் மூச்சை இழுப்போமே, அந்த இடம். ப்ளூஸ் அழுகையும் சிரிப்பும் கலந்து ஒலிப்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இந்த உள்மூச்சுதான்.

பெண்டிங் என்கிற வளைவு எப்படி வருகிறது? மாதக்கணக்கில் முயன்றும் வரவில்லை.

எனக்கு நான்கு மாதம் ஆனது. பலமாக உறிஞ்சினால் வரும் என்று நினைத்தேன். அது தவறு, ரீடுதான் கெடும். நாக்குதான் வேலை செய்ய வேண்டும். மெதுவாக இழுத்துக்கொண்டே வாய்க்குள் "ஈ" என்ற அமைப்பிலிருந்து "ஊ" என்ற அமைப்புக்கு நாக்கைக் கொண்டுபோங்கள். நாக்கின் நடுப்பகுதி பின்னால் நகர்ந்து தாழ வேண்டும். வாய்க்குள் அறை பெரிதாகும்போது சுருதி இறங்கும்.

உள்ளே நடப்பது இதுதான்: துளையில் இரண்டு ரீடுகளில் இழுக்கும் ரீடு உயர்ந்த சுரம், ஊதும் ரீடு தாழ்ந்த சுரம் (1 முதல் 6 வரை உள்ள துளைகளில்). நீங்கள் வாயின் அமைப்பை மாற்றும்போது, சும்மா இருந்த ஊதும் ரீடும் அதிரத் தொடங்கி இழுப்புச் சுரத்தைத் தன் பக்கம் தாழ்த்துகிறது. ஆகவே அந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவே எத்தனை அரைச் சுரம் இருக்கிறதோ அவ்வளவுதான் வளையும். 4ஆம் துளையில் அரைச் சுரம். 2ஆம் துளையில் இரண்டு அரைச் சுரம். 3ஆம் துளையில் மூன்று. 5ஆம் துளையில் இடமே இல்லை, அங்கே வளைக்க முயன்று மனம் நோகாதீர்கள். 4இல் தொடங்குங்கள், பிறகு 1, 6, அப்புறம் 2. 3ஆம் துளை கடைசி. அது ஒரு வருட வேலை.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றிருக்கிறேன். உதவுமா?

நிறைய உதவும். ஒரு சுரத்தை ஆணி அடித்ததுபோல் நிறுத்தாமல் அசைத்துப் பிடிக்க வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ப்ளூஸ் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. 3 இழுப்பை இம்மியளவு வளைத்தால் அது வரும். 4 இழுப்பை வளைத்தால் பிரதி மத்திமம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வேகமான பிருகாக்களை இங்கே கொண்டுவராதீர்கள். நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். கன்ட்ரி ப்ளூஸ் இரண்டு மூன்று சுரத்தில் ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிற்கும். அந்த இடைவெளியும் பாட்டுதான்.

பன்னிரண்டு பார் என்பது என்ன?

நான்கு தட்டு ஒரு பார். மொத்தம் 12 பார், 48 தட்டு. ஆதி தாளத்தில் எண்ணினால் ஆறு ஆவர்த்தனம். முதல் நான்கு பார் ச. அடுத்த இரண்டு ம. அடுத்த இரண்டு திரும்ப ச. பிறகு ஒரு பார் ப, ஒரு பார் ம, இரண்டு பார் ச. கடைசி பாரில் ப தொட்டு மறுசுற்றுக்குத் திரும்புவார்கள். சி கருவியில் ச என்ற இடத்தில் 1 முதல் 4 வரை சேர்த்து இழுங்கள். ம என்ற இடத்தில் 1 முதல் 3 வரை சேர்த்து ஊதுங்கள். ப வரும்போது 1 இழுப்பு அல்லது 4 இழுப்பு மட்டும்.

பழைய பதிவுகளில் இந்தக் கணக்கு பிசகும். பாடகருக்கு ஒரு வரியில் மூச்சு நீண்டால் பதிமூன்றாவது பார் முளைக்கும், சில சமயம் பதினொன்றரையில் முடியும். அதைப் பிழை என்று எண்ணாதீர்கள். தனியாகப் பாடுகிறவருக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

யார் யாரைக் கேட்க வேண்டும்?

டிஃபோர்ட் பெய்லியில் தொடங்குங்கள். 1899இல் டென்னசியில் பிறந்தவர். மூன்று வயதில் போலியோ. படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் கையில் இருந்தது மவுத் ஆர்கன், காதில் விழுந்தது ரயிலும் கோழியும் நாயும். நாஷ்வில் வானொலியின் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். 1927இல் அவர் ரயில் வாசித்து முடித்த கையோடுதான் அறிவிப்பாளர் அந்த நிகழ்ச்சிக்கு அப்பெயரையே சூட்டினார். ஊர் ஊராகப் போய் வாசித்தபோது கூட வந்த வெள்ளையர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடம் கிடைக்காது. 1941இல் அவரை விலக்கிவிட்டார்கள். அதன் பிறகு பல வருடம் காலணி துடைக்கும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்து சன்னி டெர்ரி. 1911இல் ஜார்ஜியாவில் பிறந்து வட கரோலினாவில் வளர்ந்தவர். பதினாறு வயதுக்குள் இரண்டு விபத்துகளில் இரண்டு கண்ணும் போயிற்று. வாசித்துக்கொண்டே நடுவில் உச்சக்குரலில் கூவுவார். குரல் எங்கே முடிந்தது, ரீடு எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாது. 1938இல் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தார். கிட்டார் வாசித்த பிரௌனி மெக்கீயோடு பல பத்தாண்டுகள் இணைந்திருந்தார். கருவியைத் தலைகீழாக, தாழ்ந்த சுரம் வலப்பக்கம் வரும்படி பிடிப்பார். "நான் தப்பாகப் பிடிக்கிறேனா?" என்று கேட்பவர்களுக்கு அவரைத்தான் காட்டுகிறேன்.

மெம்ஃபிஸ் பக்கம் நோவா லூயிஸ். கேனன்ஸ் ஜக் ஸ்டாம்பர்ஸ் குழுவில் 1928 முதல் பதிவுகள் செய்தார். அந்தக் குழுவில் ஜாடியின் வாயில் ஊதி அடிநாதம் எழுப்புவார்கள். கடத்தைத் தட்டிக் கேட்ட நமக்கு இது புதிது. லூயிஸின் தொனி மெல்லியது, நூல் இழுப்பதுபோல் நீளும். ஸ்லீப்பி ஜான் எஸ்டிஸ் பாடும்போது கூட வாசித்த ஹேமி நிக்சனையும் கேளுங்கள், பாட்டுக்கு வழிவிட்டு வாசிப்பது எப்படி என்று தெரியும்.

ஜான் லீ வில்லியம்சன் 1937இல் பதிவு செய்யத் தொடங்கினார், 1948இல் கொல்லப்பட்டார். சன்னி பாய் வில்லியம்சன் என்பது அவர் பெயர். அதே பெயரை இன்னொரு பெரிய கலைஞரும் வைத்துக்கொண்டதால் தேடும்போது இருவரும் கலந்து வருவார்கள். ஆண்டைப் பார்த்துப் பிரியுங்கள்.

பழைய தட்டுகளில் பொரிகிற சத்தம் அதிகம். பத்து நிமிடம் பொறுத்தால் காது அதை ஒதுக்கிவிடும்.

ரயில் சத்தம் சொல்லிக்கொடுங்கள்.

1, 2, 3 துளைகளைச் சேர்த்து வாயில் வைத்து: இழு, இழு, ஊது, ஊது. இவ்வளவுதான். மிக மெதுவாகத் தொடங்குங்கள், முதல் இழுப்பில் கொஞ்சம் அழுத்தம். கூவலுக்கு 4, 5 சேர்த்து இழுத்து, பொத்திய கையை மெல்லத் திறந்து மூடுங்கள். வேகம் தானாக வரும். மூச்சு முட்டினால் மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டுவிடலாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

கடற்காற்றில் கருவி கெட்டுப்போகாதா?

கெடும். ரீடுகள் பெரும்பாலும் பித்தளை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சை பிடிக்கும், சுருதி விலகும். மரக்கட்டை ஐப்பசி மழையில் உப்பி உதட்டைக் கிழிக்கும். அதனால்தான் பிளாஸ்டிக் என்றேன். கடற்கரையில் வாசித்தால் மணல் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். வாசித்து முடித்ததும் துளைப்பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி எச்சிலை உதறி, துடைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பெட்டியில் மூடுங்கள். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். பஜ்ஜி, டீ சாப்பிட்டால் வாய் கொப்பளிக்காமல் தொடவே கூடாது.

வீட்டில் சத்தம் தாங்க முடியவில்லை என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளைவு பழகும் மாதங்களில் அது கேட்கத் தகுந்த சத்தமில்லை. மொட்டை மாடி, கடற்கரை, கெடிலம் ஆற்றங்கரை என்று போய்விடுங்கள். மெதுவாக வாசிக்கப் பழகினால் தொனியும் நன்றாகும், வீட்டிலும் சமாதானம்.

ஆங்கிலம் எனக்கு வராது. தமிழில் ப்ளூஸ் பாடலாமா?

பாடலாம். நாற்று நடும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது, வலை இழுக்கும்போது அம்பா பாடுவது எல்லாம் நம்மிடம் இருப்பவை. ப்ளூஸும் அப்படிப்பட்ட வேலைப்பாட்டின் மடியில் பிறந்ததுதான். அமைப்பு எளிது: முதல் வரியைச் சொல், அதையே மறுபடி சொல், மூன்றாவது வரியில் பதில் சொல். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மவுத் ஆர்கன் பேச இடம் விடு. நான் கட்டிய ஒன்று:

கெடிலத்துல தண்ணி வந்தா என் வாசப்படி தேடி வரும்
ஆமா, கெடிலத்துல தண்ணி வந்தா என் வாசப்படி தேடி வரும்
போன தடவ பாயி போச்சு, இந்தத் தடவ எது போகும்?

அவர்கள் உச்சரிப்பைப் போலி செய்து பாடாதீர்கள். அவர்கள் பட்ட பாடு அவர்களுடையது. நம் ஊர்த் தண்ணீரைப் பாட நமக்கு உரிமை இருக்கிறது.

கூட வாசிக்க ஆள் கிடைப்பார்களா?

புதுச்சேரியில் கிடைப்பார்கள். ஜூன் 21 பிரெஞ்சு இசைத் திருநாளை ஒட்டி அங்கே பொது இடங்களில் பலர் கூடி வாசிக்கிறார்கள், கிட்டார்காரர்களை அங்கே பார்க்கலாம். கூச்சப்படாமல் போய் எந்த கீ என்று கேளுங்கள். அவர் ஜியில் வாசித்தால் உங்கள் சி கருவி பொருந்தும். ஏயில் வாசித்தால் டி கருவி வேண்டும், ஈயில் வாசித்தால் ஏ கருவி. ப்ளூஸ் கிட்டார்காரர்களுக்கு ஈ மிகவும் பிடிக்கும். உங்களிடம் சி மட்டும்தான் இருக்கிறதென்றால், கிட்டாரின் மூன்றாவது கட்டத்தில் கேபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டச் சொல்லுங்கள். அவர் ஈ பிடிப்பதாகவே பிடிக்கலாம், சத்தம் ஜியில் வரும். உங்கள் 2ஆம் துளையை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.